கண்ணாடி டீச்சர் மேடை ஏறினாள்

அந்த நடனப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் "கண்ணாடி டீச்சர் யாரு?" என்று கேட்டுவிட்டு அவள் மூக்கையே பார்ப்பார்கள். மூக்கில் ஒன்றையும் காணோமே என்று முழிப்பார்கள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. இது வேறு கண்ணாடி.

பள்ளியை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா. துணி மூட்டை அடுக்கியிருந்த ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, தரைக்குப் பலகை அடித்து, வாசலில் போர்டு மாட்டினார். ஆட்டம் சொல்லித்தருகிற இடமென்றால் சுவரில் ஆளுயரக் கண்ணாடி வேண்டாமா? மனுஷன் ஒரு துண்டுகூட மாட்ட விடவில்லை. "கண்ணாடி இருந்தா மூஞ்சியைத்தான் பார்ப்பீங்க, காலை யாரு பார்க்கிறது?" என்பார். அப்படியொரு பிடிவாதம்! அப்புறம் சின்னப் பிள்ளைகள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதாம்? அதற்குத்தான் இளைய மகளைப் பிடித்து அவர்களுக்கு எதிரே நிறுத்தினார். பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் இவள் இடது கையைத் தூக்குவாள். வாய் "வலது" என்று சொல்லும், உடம்பு இடப்பக்கம் போகும். இளம்பெண்ணாக வந்து நின்றவள், தலை நரைத்தும் அங்கேயேதான் நிற்கிறாள்.

அப்பா போனபின் பள்ளி அண்ணன் கைக்கு வந்தது. அப்பாவிடம் ஆடக் கற்ற பெண்ணையே அவன் கட்டிக்கொண்டான். மேடையும் பெரிய வகுப்பும் அண்ணிக்கு, பாட்டும் விளக்கும் அண்ணனுக்கு, மூக்கு ஒழுகுகிற வாண்டுகள் இவளுக்கு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை, அப்படி அமைந்துபோயிற்று. இவள் கல்யாணப் பேச்சும் அப்படித்தான். யாரோ எடுத்தார்கள், யாரோ மறந்தார்கள்.

வகுப்பு முடிந்தால் அம்மாக்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதுவரை "டீச்சர், டீச்சர்" என்று உயிரை எடுத்ததுகள் திரும்பிக்கூடப் பார்க்காது. அண்ணன் குடும்பம் மாடிக்குப் போகும். ஹாலை ஒட்டிய சின்ன அறை இவளுக்கு. மாடியிலிருந்து சிரிப்புக் கேட்கும். என்ன ஜோக் என்று ஏறிப்போய்க் கேட்கவா முடியும்? டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் படுப்பாள். பாழாய்ப்போன தனிமை, வேறென்ன சொல்ல.

ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவையாவது மேடையில் ஜனங்களைப் பார்த்து நின்று, தன் முகம் தெரிய ஆட வேண்டும். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இந்த வயசில் சொன்னால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் ஆண்டுவிழாவுக்கு முதல் நாள் அண்ணி மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. வாண்டுகளுக்கு முன்னால் நின்று அம்மா வேஷத்தில் ஆட வேண்டியவள் அவள்.

"நாளைக்கு அந்த வேஷத்தை நீ கட்டு," என்றான் அண்ணன்.

"நானா?"

"பின்னே நானா கட்டுறது? பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே. உனக்குத் தெரியாத ஆட்டமா?"

அன்று ஹாலைத் தாழிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து ஆடிப் பார்த்தாள். வலது கையைத் தூக்க நினைத்தால் இடது எழுந்தது. "சனியனே!" என்று கையையே திட்டினாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப அந்த ஆட்டத்தையே எடுத்துடலாம்," என்பான். கிடைக்காதது கிடைத்திருக்கும்போது வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்வாளா? எண்ணி எண்ணி, மெதுவாக ஆடினால் சரியாக வந்தது. அதை நம்பித்தான் மேடை ஏறினாள்.

முதல் சுற்று பிசகில்லாமல் போனது. எதிரே அத்தனை முகங்கள், அத்தனையும் அவளையே பார்த்தன. அந்தப் பூரிப்பில் மனசு எண்ணிக்கையை விட்டது. உடம்பு தன் பழைய வழக்கப்படி கிளம்பிவிட்டது.

பின்னால் நின்ற பிள்ளைகள் அவள் முதுகைப் பார்த்து ஆடிப் பழகினதே இல்லை. டீச்சர் இடப்பக்கம் போகிறாளே என்று பாதி கூடப் போனது. மீதி, கற்றபடி வலப்பக்கம் போனது. நடுவில் இரண்டு மடேரென்று முட்டிக்கொண்டன. ஓரத்துக் குட்டி ஒன்று உதட்டைப் பிதுக்கிவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள்.

"பிள்ளைங்களை விடு! நீ பாட்டுக்கு ஆடு! முன்னாடி பாரு!" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் பல்லைக் கடித்தான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஒற்றை ஆள் எந்தப் பக்கம் ஆடினால் யாருக்குத் தெரியும்? அப்படியே ஆடி முடித்திருக்கலாம். எதிரே இருந்த முகங்களை இன்னொரு தடவை ஆசை தீரப் பார்த்தாள். தீரவில்லை. சட்டென்று ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பிள்ளைகளுக்கு எதிரே நின்றாள்.

அப்பாடா என்று அதுகள் முகத்தில் உயிர் வந்தது. அத்தனை கையும் ஒன்றாக எழுந்தது. அவள் சிரித்தாள், கண்ணை உருட்டினாள், பொய்க்கோபம் காட்டினாள். அண்ணியே அப்படி ஆடியதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அதைப் பார்த்தது பல் விழுந்த அந்தக் கும்பல் மட்டும்தான். கைதட்டல் முழுக்க முதுகுப் பக்கமே கேட்டது.

வேஷத்தைக் கலைக்க உட்கார்ந்தபோது ஒரு அம்மா மகளையும் போனையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. வீடியோ பூரா உங்க முதுகுதான் இருக்கு. என் பொண்ணு மூஞ்சி ஒரு இடத்துலகூட விழலை."

"மறைச்சிட்டேனாம்மா? மன்னிச்சிடுங்க."

"இங்கயே ஒரு தடவை ஆடச் சொல்லுங்களேன், எடுத்துக்கறேன். நீங்க இல்லாம இவ ஆட மாட்டா."

அவள் எழுந்தாள். அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, பிள்ளைக்குச் சைகை காட்ட ஆரம்பித்தாள். கை கொஞ்சம் முன்னால் நீண்டபோது, படத்தில் விழுந்துவிடுவோமோ என்று பயந்து பின்வாங்கினாள்.

"பரவாயில்ல டீச்சர், நீங்க விழலை," என்றாள் அந்த அம்மா. "அப்படியே நில்லுங்க."