கண்ணாடியில் ஆடிய ரத்னா பௌதி

“ஓ மா! எனக்கு என்ன, அம்மையா போட்டிருக்கு?”

கம்ப்யூட்டர் திரையில் தன்னையே பார்த்து வங்காள மொழியில் அலறியவர் ரத்னா பௌதி. பவானிபூரில் எங்கள் எதிர் ஃப்ளாட்காரர்; இங்கே அண்ணியை பௌதி என்போம். போன மாதம் நடந்தது இது.

குற்றவாளி என் தங்கை சித்ரா. எட்டு வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டிவிட்டு, முப்பத்திரண்டு வயதில் வேலையை உதறி கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படிக்கப் போனவள். அவளுடைய ப்ராஜெக்ட் — சாதாரண வீடியோவை, சர்ச் ஜன்னல்களில் இருக்குமே... அந்த வண்ணக் கண்ணாடிச் சித்திரமாக மாற்றி ஆடவிடுவது. பூஜைப் பந்தலில் பௌதி ஆடிய வீடியோவைத்தான் அதில் போட்டிருந்தாள்.

ஒற்றைப் படமாகப் பார்த்தால் அற்புதம். நீலக் கண்ணாடியில் சேலை, தேன் நிறத்தில் முகம், நடுவே கறுப்புக் கோடுகள். ஓடவிட்டால் போச்சு! செகண்டுக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் புதிதாகத் துண்டு போட்டதில், கறுப்புக் கோடுகள் படத்துக்குப் படம் இடம் மாறி, பௌதியின் கன்னமெல்லாம் எறும்பு மொய்த்தது.

கைடாக இருந்த பேராசிரியர் கையை விரித்துவிட்டார். மார்க் போடும் கமிட்டி முன்னால் இது ஒழுங்காக ஓடாவிட்டால் ஒரு வருஷப் படிப்பு வீண் என்றார்.

“விட்டுடேன்,” என்றேன் நான். அண்ணன்கள் வேறு எதற்கு இருக்கிறோம்?

பிரிண்ட் எடுத்த படங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அண்ணா, ஒவ்வொரு படமா வெட்டறதுதான் தப்பு! எல்லாத்தையும் கட்டா அடுக்கி, சேலை நகர்ற வழியிலயே மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டினா? முதல் படத்துல பொறந்த துண்டு கடைசி வரைக்கும் அதே துண்டாத்தானே இருக்கும்!”

எனக்குப் பாதிதான் புரிந்தது. பத்து நாள் ப்ரோகிராமைத் திருத்தியபின், கம்ப்யூட்டருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கமிட்டி. பௌதியும் வந்திருந்தார். திரையில் அவர் சேலை சுழன்றது — ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் கூடவே சுழன்றது. ஒன்றுகூட நடுங்கவில்லை!

பேராசிரியர் எழுந்து திரைக்கு அருகே போனார்.

“ஆர் ஏக்பார்,” என்றார். இன்னொரு தடவையாம். முடிந்ததும், மறுபடியும் இன்னொரு தடவை. அப்புறம் அவரே முதலில் கை தட்டினார். சித்ரா அழுதாள். நானும்தான்... ஏன் பொய் சொல்ல?

‘விட்டுடு’ என்று சொல்ல ஒரு செகண்ட் போதும். அதனால்தான் அதை இவ்வளவு தாராளமாகச் சொல்கிறோம்.

அண்ணன்மார்களே, இனி அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தால், எழுந்து போய் டீ போடுங்கள்!