மார்புக்குள் ஒரு குட்டி எலி

நெஞ்சு படபடத்ததும் உயில் எழுதப் பேனா தேடியவன் நான். பேனா கிடைப்பதற்குள் மனைவி என்னைப் பாலிகஞ்சில் ஒரு நர்சிங் ஹோமுக்கு இழுத்துப் போனாள். "நேத்து சாயங்காலம் எட்டு கத்தரிக்கா பஜ்ஜி தின்னப்ப இந்த நெஞ்சு எங்க போச்சு?" என்று டாக்ஸியில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே ஈசிஜி எடுத்தவர் ஒல்லியான பெங்காலி. மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் அட்டை கிழிந்த சின்ன ஆங்கில அகராதி. மிஷின் துப்பிய காகிதத்தை அவர் நிதானமாகப் பார்த்தார்.

"தாதா, பொழைப்பேனா?" என்று, அண்ணன் முறை வைத்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

"ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்லணும். நான் ஒரு வார்த்தை சொல்றேன். மஸில்னா லத்தீன்ல குட்டி எலி. கையை மடக்கினா தோலுக்கடியில எலி ஓடுற மாதிரி தெரிஞ்சுதாம் அந்த லத்தீன்காரங்களுக்கு. இதயமும் மஸில்தானே? கொஞ்சம் ஓடத்தான் செய்யும்."

எலி நல்ல சகுனமா, கெட்ட சகுனமா என்று வியர்த்துக்கொண்டே டாக்டரிடம் போனேன். "வெறும் கேஸ் ட்ரபிள்" என்றார் அவர். மனைவி எட்டு விரல்களைக் காட்டினாள்.

இப்போதும் நெஞ்சு படபடத்தால், "சும்மா கிட, எலிக்குட்டி" என்று தட்டிக்கொடுக்கிறேன், அடங்கிவிடுகிறது. ஆனால் அன்று எனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தில் கோடு சரியில்லாதவருக்கும் அந்த ஈசிஜிக்காரர், அதே நிதானத்தோடு, அந்தக் குட்டி எலியைத்தான் கொடுத்தனுப்புவாரோ?