காரணம் கேட்கும் பச்சைப் பேனா

என் மேசையில் ஒரு பச்சை மைப் பேனா இருக்கிறது. அதன் மூடியில் பல் தடம் உண்டு. என் பல் அல்ல, ரயில் அக்காவுடையது. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாங்கள் இருவரும் ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தை மடித்து வைத்திருப்பதை ஒரு நாள் கவனித்தோம். இருவருக்குமே குறுக்கெழுத்துப் பைத்தியம். அக்கா ஏதோ அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். என்னைவிட இரண்டொரு வயதுதான் மூத்தவர். பெயர் கேட்பதற்குள் அக்கா ஆகிவிட்டார். இரண்டு பேப்பர் எதற்கென்று அப்புறம் ஒன்றே வாங்கினோம். பேனா மட்டும் எப்போதும் அவர் கையில்.

நாங்கள் போட்டது நேரடியாகப் பொருள் கேட்கும் புதிர் அல்ல. ‘தலை போன கவிதை மண்ணில் முளைக்கும்’ என்று குறிப்பு இருக்கும். கவிதையின் முதல் எழுத்தை வெட்டினால் விதை. எனக்கு ‘விதை’ சட்டென்று வந்துவிடும், எப்படி வந்தது என்றுதான் தெரியாது. அக்கா நேர்மாறு. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்துதான் விடைக்கு வருவார். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார்: காரணம் சொல்லாமல் எந்த விடையும் கட்டத்தில் ஏறக்கூடாது. “விடை வந்தா ஆச்சா? எப்படி வந்துச்சுன்னு சொல்லு. இல்லன்னா அது டிக்கெட் இல்லாம வந்த விடை.” பல்லாவரத்தில் நான் சொன்ன விடை கிண்டி தாண்டியும் வெளியே காத்திருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் மறுநாள் அதே ஜன்னலைத் தேடித்தான் போவேன்.

திடீரென்று அந்த ஜன்னலோரம் காலியானது. அக்காவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருப்பதாகத் தெரிந்தது. சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கை கால் நன்றாகவே இருந்தன. பேச்சும் வந்தது. தேடும்போது சில சொற்கள்தான் காணாமல் போயின. “எல்லாம் புரியுதுடி. பேர்தான் வர மாட்டேங்குது. கட்டமும் வரலன்னா, ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வீட்லயே இருந்துடலாம்னு பாக்குறேன்” என்றார். கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. பேப்பரைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் ஏறிய பூக்கார அம்மா எங்களைப் பார்த்தார். “இன்னாக்கா, ரெண்டு பேரும் சும்மா குந்திகினு கீறீங்க? இன்னிக்கி கட்டம் இல்லியா?” அக்கா என் பக்கம் கையை நீட்டினார். எனக்கு வேறு வழியில்லை.

‘பசுவும் மனைவியும் சேர்ந்தால் சான்று’ என்றது முதல் குறிப்பு. அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா மூடி பல்லுக்கு நடுவில் இருந்தது. “மாட்டுக்கு... ஒரே எழுத்துல ஒரு பேர் இருக்கு. பின்னாடி பொண்டாட்டிக்கு இன்னொரு பேர். ரெண்டையும் ஒட்டணும்” என்றார். வழி முழுக்கச் சரி. அந்த இரண்டு சொற்கள் மட்டும் அவரிடம் இல்லை. “ஆதாரம்” என்றேன். ஆ, தாரம் என்று பிரித்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தார்.

“நீ எழுது. காரணம் நான் சொல்றேன்.”

அக்கா வேலையை விடவில்லை. எனக்கோ அன்றிலிருந்து ஒரே யோசனை. இவ்வளவு தெரிந்தவருக்குச் சொல் மட்டும் எங்கே போய் ஒளிகிறது? காரணமே தெரியாத என்னிடம் அது எப்படி ஓடி வருகிறது? அக்காவிடமே கேட்டேன். தன் நோயைப் பற்றி என்னைவிட ஆர்வமாக யோசித்து வைத்திருந்தார். “வாசல் வரைக்கும் போயிடறேன். யார் வீடுன்னும் தெரியுது. பேர் சொல்லிக் கூப்பிடத்தான் முடியல.”

இப்போது நான் பள்ளிக்கரணைக்குக் குடிவந்து, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். புதிர் வாட்ஸ்அப்பில் தொடர்கிறது. காலையில் அவர் காரணங்களைக் குரலில் அனுப்புவார். நான் விடைகளை அனுப்புவேன். ஆளுக்குப் பாதி என்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

போன வாரம் நான் பேப்பரைப் பிரிக்கும் முன்பே அவர் குரல் வந்துவிட்டது. வழக்கமான விளக்கம் இல்லை. ஒரே ஒரு சொல்.

“வெள்ளரி.”

கட்டத்தைப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. உடனே கூப்பிட்டேன். பழக்க தோஷம், “எப்படிக்கா வந்துச்சு?” என்றுதான் வாயில் வந்தது.

“தெரியலடி. குறிப்பைப் படிச்சுட்டுப் போய் பல் தேச்சிட்டு இருந்தேன். தானா வந்துச்சு.”

“டிக்கெட் இல்லாம வந்திருக்கே, என்னக்கா பண்றது?”

“ஏத்திக்கோ” என்றார்.

பச்சைப் பேனாவை எடுத்து எழுதினேன்.