பட்டி பார்க்காத தூண்

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் விளையாட்டு அரங்கத்தின் கிழக்கு கேலரியில் விழும் விரிசல்களைப் பட்டி வைத்து மூடி, வெள்ளையடிப்பது பெயிண்டரின் வேலை. அரங்கத்தில் அவருக்குப் பெயரே 'பவுடர்காரர்'. வயசான கட்டடத்துக்குப் பவுடர் பூசுகிறவராம். அவரும் சிரித்துக்கொள்வார்.

போன ஆட்டத்தோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது. கேலரிக்கு அடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மேலே ஜனங்கள் கோல் விழுந்த சந்தோஷத்தில் குதித்தார்கள். கையகலச் சிமெண்ட் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அதில் அவர் வைத்த பட்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்று, புது அரங்கம் தேவையா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். அரங்கச் செயலாளர் பறந்துகொண்டிருந்தார்.

"கேலரியைத் தாங்குற அந்தத் தூணுல மறுபடியும் விரிசல் விட்டிருக்கு, அதையும் மூடிடுங்கண்ணே. விரிசலைப் பாத்தா மொத்தத்தையும் இடிச்சிடுவாங்க. அப்புறம் உங்களுக்கும் வேலை இருக்காது."

"தெரியும் சார். புதுசுக்கு என்னை யாரு கூப்பிடப் போறா?"

"அப்ப மூடுங்க!"

"மாட்டேன் சார். என் பொண்ணும் மேலதான் உக்காந்து பாக்குறா. ஜெயிச்சா குதிக்காதேன்னு அவகிட்ட சொல்ல முடியுமா?"

"வேற ஆளைக் கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

பெயிண்டர் பட்டி டப்பாவை மூடிவிட்டுத் தகட்டை எடுத்தார். போன வருஷம் தானே வைத்த பட்டியைத் தூணிலிருந்து சுரண்டத் தொடங்கினார். அதிகாரிகளின் கார் வாசலில் நின்றபோது, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அவர் இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தார்.