படம், படம், படம்

அழகுமுத்துவின் மேல் எனக்குப் பொறாமை. அதை மறைக்க ஒன்றுமில்லை. வட்டகொடை தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நாலு காம்பரா தள்ளிப் பிறந்தவன். பிறவியிலேயே பார்வை இல்லை. இரண்டாயிரத்து எட்டில் நான் வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தான், அதுவும் நிரந்தரமாக. எனக்கு இரண்டு கண்ணும் உண்டு, கம்ப்யூட்டரும் தெரியும். ஆனால் மூன்று வருடமாகத் தற்காலிகம்தான்.

அலுவலகத்தின் தமிழ் இணையப் பக்கத்தை முடித்துக் கொடுத்தால் என்னை நிரந்தரமாக்குவதாக ஜெயரத்தினம் ஐயா சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் மேலதிகாரி. அப்போதெல்லாம் பாதிக் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். விண்ணப்பப் படிவங்களை அச்சடித்து, ஸ்கேன் பண்ணி, படமாக ஏற்றிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு!

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஐயா அழகுமுத்துவைக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தார். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டான். அது "படம், படம், படம்" என்றது. வேறு ஒரு சொல் இல்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தை அதற்கு வாசிக்கத் தெரியாது.

"ஜீவா அண்ணே, கல்யாண ஆல்பமா போட்டு வச்சிருக்கீங்க?" என்றான்.

அலுவலகமே சிரித்தது.

"எல்லாத்தையும் திருப்பித் தட்டும், தம்பி," என்றார் ஐயா. "அழகுமுத்து சரி எண்டால்தான் திறப்பு."

கண் தெரியாதவன் சொல்லுக்கு நான் காத்திருக்க வேண்டுமாம்! நாற்பது விண்ணப்பங்களையும் அந்த மென்பொருள் வாசிக்கக்கூடிய யூனிகோட் எழுத்தில் தட்டினேன். ஒவ்வொன்றையும் கேட்டு, விட்டுப்போன இடத்தைச் சொன்னான். ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லக்கூடாதா? சொல்லவில்லை, பாவி.

விழா முடிந்து எனக்கு நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. அதே தபாலில் அவனுக்கும் ஒன்று. மற்ற அலுவலகங்களின் பக்கங்களையும் பரிசோதிக்கக் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள். என் கடிதத்தை நான் இரண்டாம் முறை படிக்கவே இல்லை.

அன்றைக்கென்று பார்த்து அம்மா வந்தாள். காளியாயி, எழுத்து தெரியாதவள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அடையாள அட்டை விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி ஒரு வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம்மா" என்றே ஓட்டிவந்தேன். அழகுமுத்து இணையப் பக்கத்தில் அதே விண்ணப்பத்தைத் திறந்து, அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யார் தயவும் இல்லாமல் கேட்டாள்.

"நீ நல்லா இருப்பய்யா, அழகுமுத்து!" என்று அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

பொறுக்க முடியவில்லை. "தட்டுனது நான்தாம்மா!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத்தான் கண்ணு இருக்கேடா. ஒரு வருசமா ஏன் படிச்சுச் சொல்லல?"