‘ஒருமனதாக’ என்று எழுதியவள்

எங்கள் தொண்டு நிறுவனத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்துவதில்லை. இயக்குநரிலிருந்து டிரைவர் வரை எல்லோரும் பாயில் வட்டமாக உட்காருவோம். ஓட்டெடுப்பும் கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவோம், கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் ‘ஒருமனதாக’ என்று எழுதுவோம். எழுதுவது பல வருடமாக என் வேலை. வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். எங்களுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் பெண்களைக் குழுக்களாகச் சேர்ப்பது எங்கள் பணி. பாதிக் குழுக்களைச் சேர்த்தவள் ஒரே ஒருத்தி. மலையிலேயே பிறந்தவள். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, மழையிலும் ஸ்கூட்டியில் அந்த வளைவுகளை ஏறி இறங்கியவள். என்னை அக்கா என்பாள். மலைப்பகுதி ஒருங்கிணைப்பாளர் பதவி காலியானபோது அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். இயக்குநர் அதை, அவளிடமே வேலை கற்ற ஓர் ஆணுக்குக் கொடுத்தார். பெண் பிள்ளை, குழந்தை வேறு இருக்கிறது, அவளுக்கு எதற்குச் சிரமம் என்றார். ஊர் ஊராகப் பெண்ணுரிமைப் பயிற்சி நடத்துகிறவர் அவர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

அவள் அழவில்லை. ஒரு பக்கத்தில் புகார் எழுதி, குறைகேட்கும் குழுவிடம் கொடுத்தாள். குழுவில் நாங்கள் மூன்று பேர். அவளைத் தனியாகவும் இயக்குநரைத் தனியாகவும் விசாரித்திருக்க வேண்டும். எங்கள் மரமண்டைக்கு அது தோன்றவே இல்லை. வழக்கம்போல் எல்லோரையும் கூப்பிட்டுப் பாயை விரித்தோம். யார்மேல் புகாரோ அவரே வந்து அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னாம்மா, என்மேல கோவமா? உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்” என்றார் சிரித்தபடி.

“கோவம் இல்லிங்க சார். ஒம்போது வருசமா அந்த ரோட்டுலதான் வண்டி ஓட்டினு இருக்கேன். அப்பல்லாம் கஷ்டமா இருக்கான்னு யாரும் கேக்கல. பதவின்னு வந்தா மட்டும் இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க?”

அவர், “வேற யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?” என்று வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், எனக்கு வேலை வேண்டியிருந்தது. குனிந்து, ‘நியமனம் சரியென ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன். கையெழுத்துக்காக அவளிடம் புத்தகத்தை நீட்டினேன். படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மலையில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போனேன். அந்தப் பெண்கள் எனக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “எல்லாருமா சேந்து அவள வேணாம்னு சொல்ட்டீங்களாமே. நீங்களுமா?” கூழைக் கீழே வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே நிறுவனத்தின் அறங்காவலர்களுக்குக் கடிதம் எழுதினேன். அது ஒருமனதான முடிவல்ல, எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பயந்துபோய் அப்படி எழுதினேன் என்றேன். புகாருக்கு ஆளானவர் எதிரில் உட்கார்ந்திருக்க நடந்தது விசாரணையே அல்ல என்றும் எழுதினேன். அவர்கள் வந்து, இயக்குநரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக விசாரித்தார்கள். நியமனம் ரத்தானது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஊழியர்கள் எல்லோர் முன்னிலையிலும் நின்று அவர் மன்னிப்பு கேட்டார். எனக்குப் பாவமாக இல்லை.

அவள் ஒருங்கிணைப்பாளராகத் திரும்பி வந்தாள். முதல் நாள் அவள் மேசைக்குப் போய் நின்றேன். ஏதோ ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

“நீங்க லெட்டர் எழுதினீங்கன்னு சொன்னாங்க. நல்லதுதாங்க்கா” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஆனா அன்னிக்கு உங்க பக்கத்துலதான் குந்தினு இருந்தேன். நீங்க என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.”