சனிக்கிழமை வா என்று சொன்னேன்

எனக்குக் கோர்வையா எழுத வராது. படிச்சது அஞ்சாவது வரைக்கும்தான். இப்போ மறதியும் சேர்ந்துடுச்சு. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

இது அபுதாபியில நடந்தது. ரெண்டாயிரத்து ஆறுன்னு நினைக்கிறேன், நோன்பு மாசத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. என் வீட்டுக்காரர் அப்போ அந்த நாடு முழுசுக்குமான நம்ம இந்தியர் சங்கத்துக்குத் தலைவர். தலைவரோட மனைவிதான் மகளிர் பிரிவுத் தலைவிங்கிறது அங்கே வழக்கம். என்னைக் கேட்காமலே பேரைப் போட்டுட்டாங்க. விழான்னா பட்டுப்புடவை கட்டி, பேட்ஜ் குத்திக்கிட்டு, வர்ற பெரிய மனுஷங்களுக்குப் பூச்செண்டு கொடுப்பேன். மைக்கைக் கொடுத்தா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட தள்ளிடுவேன். "தலைவியம்மா, ஒரு காபி கிடைக்குமா?"ன்னு வீட்ல இவர் கிண்டல் பண்ணுவார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டி ஒரு பொண்ணு நின்னா. முப்பது வயசு இருக்கும். பின்தெருவுல ஒரு அரபி வீட்ல வேலை செய்யறவ. கீழே இருந்த பக்காலாங்கிற மளிகைக் கடைக்குத் தயிர் வாங்க வந்திருக்கா. கடைக்காரச் சேட்டன் எங்க வீட்டைக் கைகாட்டியிருக்கார்.

"நீங்கதானே தலைவியம்மா? ஊர்ல எம்பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்குதும்மா. ஏழு வயசு. பொழைக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாங்களாம். பாஸ்போர்ட்டு விசா கொடுத்த ஐயா, கஃபீல் கையில இருக்கு. நோன்பு முடியட்டும், அப்புறம் போங்கிறார். நீங்க சொன்னா நடக்கும்னாங்க."

உள்ளே இவர் நாலு பேரோட ஆண்டு விழா மேடையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஆனா தலைவின்னு என்னைத் தேடி ஒருத்தி வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு தடவையாவது நானே முடிவு சொல்லணும்னு தோணிச்சு. ஆணவம்னே வச்சுக்கலாம்.

"நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு. சனிக்கிழமை காலையில வா. எம்பசிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்"னேன்.

அவ கொஞ்சம் தயங்கினா. "இப்பல்லாம் சனிக்கிழமை ஐயாவும் பிள்ளைங்களும் வீட்லதாம்மா இருக்காங்க."

"அது அவங்க வீட்டு சமாச்சாரம். நான்தான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரிதாம்மா"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா.

சனிக்கிழமை இவர் ஆபீஸுக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துல பையோட வந்து நின்னா. டாக்ஸி பிடிச்சுப் போனோம். எம்பசி கேட் பூட்டியிருந்துச்சு. "ஆஜ் சுட்டி, கல் ஆவோ"ன்னார் காவல்காரர். இன்னைக்கு லீவு, நாளைக்கு வரணுமாம். எனக்கு ஒண்ணும் புரியலை. அவ என்னை ஒரு வார்த்தை திட்டலை. "மேடம் எந்திரிக்கிறதுக்குள்ள போயிடறேம்மா. பையோட போனா ஓடப் பார்த்தேன்னு தெரிஞ்சுபோயிடும். நீங்க வச்சிருங்க. நாளைக்குக் காலையில பக்காலா வாசல்ல நிக்கறேன்"னு சொல்லிட்டு வேகமா நடந்தா.

சாயங்காலம் இவர்கிட்ட சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டார். "அடிப் பாவி! வியாழன், வெள்ளியா இருந்த கவர்மென்ட் லீவை வெள்ளி, சனின்னு மாத்தி ரெண்டு மூணு வாரம் ஆச்சே! வியாழக்கிழமை திறந்துதானே இருந்துச்சு!"

இவர் கம்பெனியில முன்னேயும் பின்னேயும் வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. வீட்டுக்குள்ளேயே கிடந்த எனக்கு எதுவும் மாறினதாத் தெரியலை. அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தலைவி சொல்றாளேன்னு நம்பிட்டா.

ஞாயித்துக்கிழமை வெயில் ஏறுற வரைக்கும் பக்காலா வாசல்ல நின்னேன். அவ வரலை. மனசைத் திடப்படுத்திக்கிட்டு, கடைக்காரச் சேட்டன்கிட்ட வழி கேட்டு அந்த வீட்டு கேட்டைத் தட்டினேன். டிரைவர், பாகிஸ்தான் பட்டாணிக்காரர், எட்டிப் பார்த்தார். "வோ லட்கி மாஃபி. கலாஸ்." அந்தப் பொண்ணு இல்லை, முடிஞ்சுபோச்சுன்னு கையை உதறினார். எங்கேன்னு கேட்கிறதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டார்.

சாயங்காலம் சொன்னதும் இவர் உடனே எம்பசியில தெரிஞ்சவருக்குப் போன் போட்டார். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்து, "பேர் என்ன?"ன்னார்.

எனக்குத் தெரியாது. எந்த ஊருன்னும் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

நாடு முழுசுக்குமான சங்கத் தலைவர் பேனாவைக் கீழே வச்சார். "பேர்கூட இல்லாம யாரைன்னு தேடச் சொல்றது?"

கடைக்காரச் சேட்டனுக்கும் பேர் தெரியலை. ஒரு துண்டுச் சீட்டாவது இருக்காதான்னு அவ பையைப் பிரிச்சுப் பார்த்தேன். ரெண்டு புடவை, ஒரு பவுடர் டப்பா, பிரிக்காத ஸ்கெட்ச் பேனா பெட்டி ஒண்ணு. அவ்வளவுதான். நாங்க ஊருக்குத் திரும்பி வந்து வருஷக்கணக்காச்சு. பை இங்கேதான் பீரோ மேல இருக்கு. அந்தப் பேனா எல்லாம் காய்ஞ்சு போயிருக்கும். திறந்து பார்க்கத் துணிவில்லை.

லீவு மாறினது எந்த வருஷம், எந்த மாசம்னு தெரிஞ்சவங்க சரிபார்த்துச் சொல்லுங்க. என்னைத் தலைவின்னு நம்பி வந்தவ அவ ஒருத்திதான். அந்த வியாழக்கிழமை எம்பசி திறக்கவே இல்லைன்னு யாராவது சொல்லமாட்டாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் காத்துக்கிட்டிருக்கேன்.